லேசர் மெஷினில் ரோட்டரி மாட்டி டம்ளரில் பேர் போடுவது எப்படி

நான் முதன்முதலில் ரோட்டரி (உருண்டைச் சாமானைச் சுழற்றிக் கொடுக்கும் கருவி) மாட்டிப் பேர் போட்ட டம்ளர் இன்றைக்கும் கடை மேசையில் பேனா போட்டு வைக்கத்தான் உதவுகிறது. 'அன்புடன் அத்தை' என்று வர வேண்டும். 'அன்புடன்' அச்சடித்த மாதிரி வந்தது. 'அத்தை'க்கு வரும்போது டம்ளர் உருளையில் வழுக்கி நின்றுவிட, லேசர் அதுபாட்டுக்கு ஓடி மூன்று எழுத்தையும் ஒன்றன் மேல் ஒன்றாக ஒரே கோட்டில் சுட்டுத் தள்ளியது. பக்கத்துப் பாத்திரக் கடை அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "ஏம்பா தம்பி, அத்தை மேல உனக்கு என்ன கோவம்?" என்றார்.

அன்றைக்கு முழுக்க நான் லேசர் பவரைத்தான் கூட்டிக் குறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பு அங்கே இல்லை. ரோட்டரியில் வேலை கெட்டால் பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று: ஒரு சுற்றுக்கு எவ்வளவு என்று மென்பொருளுக்குச் சொல்லும் எண் தப்பாக இருக்கும், அல்லது டம்ளருக்குப் பிடிமானம் இருக்காது. இந்த இரண்டையும் உட்கார்ந்து சரிசெய்துவிட்டால் மீதி வேலை சாதாரணப் பலகையில் பேர் போடுவது போலத்தான்.

கடை செங்கோட்டையில். புளியரை செக்போஸ்ட் தாண்டினால் கேரளத்தின் ஆரியங்காவு, தென்மலை, புனலூர். 1956 வரைக்கும் செங்கோட்டையே அந்தப் பக்கத்துத் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர்தான், எல்லை மாறினாலும் கொடுக்கல் வாங்கல் மாறவில்லை, அதனால் ஆர்டரில் பாதி மலையாள எழுத்து. என்னிடம் இருப்பது 10 வாட் டயோடு லேசர், மோட்டாரை ஓட்டும் ஜிஆர்பிஎல் கன்ட்ரோலர், கணினியில் லைட்பர்ன் மென்பொருள். கீழே சொல்வதெல்லாம் இந்தக் கூட்டணிக்குத்தான். உங்கள் மெஷின் வேறு என்றால் பட்டன் பேர் மாறும், கணக்கு மாறாது. அப்புறம், டம்ளர் என்று நான் சொல்வது காபி ஆற்றும் டம்ளர் இல்லை, கலர் பவுடர் பூச்சு அடித்து மூடியோடு வரும் ஸ்டீல் டம்ளர்.

ரோலரா சக்கா

ரோலர் என்பது இரண்டு உருளைகள். பொருளை மேலே கிடத்தினால் உருளை சுழலும்போது அதுவும் சுழலும். சக் என்பது டிரில் மெஷின் மாதிரி தாடையால் கவ்விப் பிடித்துச் சுழற்றுவது. ரோலர் விலை குறைவு, மாட்டுவதும் சுலபம், நேரான பாட்டிலுக்குப் போதும். ஆனால் அடி சிறுத்து வாய் அகன்ற டம்ளர், கைப்பிடி வைத்த மக், எடை குறைந்த சாமான் இதற்கெல்லாம் சக்தான். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சக் வாங்குங்கள், ரோலரில் மிச்சப்படுத்தும் பணம் கெட்டுப்போகும் டம்ளரில் போய்விடும். என் கதை அப்படித்தான் ஆனது.

கணக்கில் ஒரு வித்தியாசம் உண்டு. ரோலரில் உருளையின் மேல்பரப்பு எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவுதான் பொருளின் மேல்பரப்பும் நகரும். சின்னச் சக்கரமோ பெரிய சக்கரமோ, வண்டி கடந்த ரோடு ஒன்றுதான் என்பது போல. அதனால் அங்கே உருளையின் விட்டம் சரியாக இருந்தால் எழுத்தின் அளவு சரியாக வரும். சக்கில் அப்படி இல்லை. பொருள் எவ்வளவு பருமனோ அதைப் பொறுத்து எழுத்து நீளும், சுருங்கும். எனவே சக்கில் ஒவ்வொரு சாமானுக்கும் விட்டம் அளந்தே ஆக வேண்டும்.

மாட்டுவது

முதலில் மெஷினை அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள். கரண்ட் ஓடும்போதே மோட்டார் ஒயரைக் கழற்றினால் அதை ஓட்டும் டிரைவர் சிப் போய்விடலாம், அதற்காகப் போர்டையே மாற்ற வேண்டி வரும். அணைத்த பிறகு ஒய் அச்சு (முன்பின் நகர்வு) மோட்டாரின் ஒயரைக் கழற்றி அதே ஒயரை ரோட்டரி மோட்டாரில் செருகுங்கள். ரோட்டரிக்கென்று போர்டில் தனி இடம் இருந்தால் அதில் செருகலாம். ஒய் அச்சுக்கு இரண்டு மோட்டார் உள்ள மெஷின் என்றால் இரண்டையும் கழற்ற வேண்டும். ஒன்றை மறந்துவிட்டால் ஒரு பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டு லேசர் தலை ஓடும் பாலம் கோணிக்கொள்ளும்.

இனிமேல் லேசர் தலை இடவலமாக மட்டும் போகும். முன்பின் நகர்வுக்குப் பதில் டம்ளர் சுழலும். விஷயம் அவ்வளவுதான்.

ரோட்டரியும் அதன் மேல் டம்ளரும் சேர்ந்தால் உயரம் தட்டும், மெஷினைத் தூக்கி வைக்க வேண்டும். நான் முதலில் நான்கு மூலைக்கும் செங்கல் வைத்தேன். செங்கல் எந்தக் காலத்தில் ஒரே அளவில் இருந்தது? ஒரு மூலை அரை விரல் இறங்கி, எழுத்தின் ஒரு பக்கம் கறுப்பாகவும் மறுபக்கம் மங்கலாகவும் வந்தது. இப்போது மரக்கடையில் ஒரே ரீப்பரிலிருந்து நான்கு துண்டு அறுத்து வாங்கி வைத்திருக்கிறேன்.

ரோட்டரியை லேசர் தலை ஓடும் பாலத்துக்கு இணையாக வைக்க வேண்டும். கண்ணால் பார்த்து வைக்காதீர்கள், ரோட்டரியின் இரண்டு முனையிலிருந்தும் பாலத்துக்கு ஸ்கேல் வைத்து அளந்து இரண்டும் ஒன்றாக வந்த பிறகு டபுள் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். ஒட்டாமல் விட்டால் மோட்டார் அதிர்விலேயே அது மெல்ல நகரும்.

அடுத்தது ஹோமிங். மெஷினைப் போட்டதும் தானாக மூலைக்குப் போய் முட்டித் திரும்பும் பழக்கம் உங்கள் மெஷினுக்கு இருந்தால், ரோட்டரி மாட்டியிருக்கும்போது முட்ட வேண்டிய சுவிட்சை அது எட்டவே எட்டாது, டம்ளர்தான் கிறுகிறுவென்று சுற்றும். லைட்பர்னில் சாதன அமைப்புகளுக்குள் ஆட்டோ ஹோம் என்பதை எடுத்துவிடுங்கள், கட்டளை தட்டும் கன்சோல் ஜன்னலில் $22=0 என்று அடித்து கன்ட்ரோலரிலும் நிறுத்துங்கள். அதற்கு முன்னால் $$ என்று அடித்தால் எல்லா அமைப்பும் வரிசையாக வரும், அதை அப்படியே போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு பழைய எண்களைத் திரும்பப் போட அது வேண்டும்.

அந்த ஒரு எண்

லைட்பர்னில் ரோட்டரி செட்டப் ஜன்னலைத் திறந்தால் சக்கா ரோலரா என்று கேட்கும், எந்த அச்சு என்று கேட்கும், அப்புறம் 'எம்எம் பெர் ரொட்டேஷன்' என்று ஒரு கட்டம் இருக்கும். எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். டம்ளரின் சுற்றளவைப் போடத் தோன்றும். போடாதீர்கள். 'ஒய் அச்சில் எத்தனை மில்லிமீட்டர் போ என்று கட்டளை கொடுத்தால் ரோட்டரி சரியாக ஒரு சுற்று சுற்றும்' என்பதுதான் அங்கே கேள்வி. டம்ளருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கணக்கு இப்படி. இந்த வகை ஸ்டெப்பர் மோட்டார் பெரும்பாலும் ஒரு படிக்கு 1.8 டிகிரி, அதாவது ஒரு சுற்றுக்கு 200 படி. டிரைவர் ஒவ்வொரு படியையும் 16 ஆகப் பிரித்தால் 3,200. படம் பிடித்து வைத்த பட்டியலில் $101 என்ன என்று பாருங்கள், ஒய் அச்சு ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை படி என்பது அது. என் மெஷினில் 80. ஆகவே 3,200 / 80 = 40. கட்டத்தில் 40. நடுவில் பெல்ட் இருந்து மோட்டார் பக்கம் 20 பல், சக் பக்கம் 60 பல் என்றால் மூன்று மடங்கு, 120.

கணக்கே பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. சக்கின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு, அதற்கு நேரே கீழே சட்டத்தில் ஒரு கோடு. கட்டத்தில் 40 போட்டு டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். ஒரு சுற்று போய்த் திரும்பி வரும். போய் நிற்கும் அந்த நொடியில் இரண்டு கோடும் நேராக நிற்க வேண்டும். திரும்பி வந்த பிறகு நேராக நிற்பதை வைத்து ஏமாறாதீர்கள், தப்பான எண்ணுக்கும் அது புறப்பட்ட இடத்துக்கே வரும். பாதிச் சுற்றுதான் போனது என்றால் எண்ணை இரட்டிப்பாக்குங்கள். இரண்டு சுற்று போனது என்றால் பாதியாக்குங்கள்.

அப்புறம்தான் டம்ளரின் விட்டம். காலிப்பர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பேர் வரப்போகும் இடத்தில் நூலை ஒரு சுற்று சுற்றி, நூலின் நீளத்தை ஸ்கேலில் வைத்துப் பார்த்து 3.1416 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். கலர் டம்ளர் ஒன்று எனக்கு 73 மி.மீ. விட்டம், சுற்றளவு 229.3. ஒரு பேர் மட்டும் என்றால் அரை மில்லிமீட்டர் பிசகினால் யாருக்கும் தெரியாது. டம்ளரைச் சுற்றி முழுக்கப் பூக்கொடி போடுகிறீர்கள் என்றால் விட்டத்தில் அரை மில்லிமீட்டர் பிசகு சுற்றளவில் 1.57 ஆகும், கொடியின் தலையும் வாலும் அந்த அளவுக்கு விலகி நிற்கும். இன்னொரு அத்தை கதை ஆகிவிடும்.

முதல் ஓட்டத்தை டம்ளரில் செய்யாதீர்கள். ஜவுளிக் கடையில் துணி சுற்றி வரும் அட்டைக் குழாய் சும்மாவே கிடைக்கும், அதை மாட்டி 50 மி.மீ.க்கு 50 மி.மீ. சதுரம் ஒன்று போட்டு இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். பிளம்பிங் வேலையில் மிச்சமான பிவிசி குழாய் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும், அதை மட்டும் எக்காரணம் கொண்டும் மாட்டக் கூடாது. பிவிசியில் குளோரின் இருக்கிறது, லேசர் பட்டால் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை வரும். உங்கள் மூச்சும் கெடும், மெஷினின் இரும்பும் துருப்பிடிக்கும்.

டம்ளரைக் கிடத்துவது

வாய் அகன்று அடி சிறுத்த டம்ளரைக் கவ்வினால் மேல்பரப்பு சரிந்து நிற்கும். பேர் வரும் இடத்தில் ரசமட்டத்தை நீளவாக்கில் வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை சக்கின் தலையைச் சாய்க்க வேண்டும். சாய்க்கும் வசதி இல்லாத ரோட்டரிக்கு ஒரு பக்கம் அட்டை மடித்துக் கொடுக்கலாம். சரிவான டம்ளரில் வாய்ப் பக்க எழுத்து கொஞ்சம் அகலமாகவும் அடிப் பக்க எழுத்து ஒடுங்கியும்தான் வரும், பேர் மட்டும் என்றால் கண்ணுக்குத் தெரியாது, வட்டமான லோகோ என்றால் முட்டையாகத் தெரியும். விட்டத்தைப் பேரின் நடுப்பகுதியில் அளந்தால் இந்தக் குறை இரண்டு பக்கமும் பங்கு போட்டுக்கொள்ளும்.

லேசர் புள்ளி டம்ளரின் உச்சியில் விழ வேண்டும். உச்சி எது? ஸ்டீல் ஸ்கேல் ஒன்றைக் குறுக்காக டம்ளர் மேல் கிடத்தி ரசமட்டத்தை அதன் மேல் வையுங்கள். குமிழி நடுவில் நிற்கும்போது ஸ்கேல் டம்ளரைத் தொடும் இடம்தான் உச்சி. அங்கே சின்ன டேப் ஒட்டிக் கோடு போட்டு, பவரை ஒரு சதவீதத்துக்கும் கீழே வைத்துப் புள்ளியைக் காட்டி, பாலத்தைக் கையால் தள்ளி அதற்கு நேரே நிறுத்துங்கள். புள்ளியை வாயிலிருந்து அடிவரை ஓட்டிப் பார்க்கும்போது கோட்டை விட்டு விலகினால் ரோட்டரி கோணலாக இருக்கிறது என்று அர்த்தம், டேப்பைப் பிய்த்து மறுபடி வைக்க வேண்டியதுதான். நேராக வந்தால் பாலம் அசையாமல் டேப் போட்டு, ஃபோகஸையும் அந்த உச்சியிலேயே வையுங்கள்.

மலையாளமும் தமிழும்

டம்ளர் படுத்துக் கிடக்கிறது, எழுத்தோ அதைச் சுற்றி ஓட வேண்டும். அதனால் திரையில் பேரை 90 டிகிரி திருப்ப வேண்டும், எழுத்தின் தலை டம்ளரின் வாய்ப் பக்கம் இருக்கும்படி. வாய் இடப் பக்கமா வலப் பக்கமா என்று எப்போதும் ஒரே மாதிரி வைத்துக் கொள்ளுங்கள். நான் ஒருநாள் மாற்றி வைத்து, குடிக்கும்போது எதிரே இருப்பவர் தலைகீழாக நின்றால்தான் படிக்க முடியும் என்ற கணக்கில் ஆறு டம்ளர் செய்தேன். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடவலம் மாறி வந்தால் ரோட்டரி எதிர்ப்பக்கம் சுற்றுகிறது என்று அர்த்தம், ரோட்டரி ஜன்னலிலேயே மிரர் என்று ஒரு டிக் இருக்கும்.

புனலூரிலிருந்து ஒரு சேச்சி, மகனின் புது வீட்டுப் பால் காய்ப்புக்கு மலையாளத்தில் பேர் கேட்டார். மலையாளக் கூட்டெழுத்தை நேரடியாக வேலைத் திரையில் தட்டுவதைவிட, இன்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருளில் எழுதிப் பாத் (வெறும் கோட்டு வடிவம்) ஆக்கி, எஸ்விஜி கோப்பாகக் கொண்டுவருவதுதான் எனக்கு நிம்மதி. தமிழுக்கும் அப்படியே செய்கிறேன். ஒன்றை மட்டும் பாருங்கள்: இரண்டு வடிவங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருந்தால் ஃபில் செய்யும்போது (எழுத்தின் உள்ளே நிரப்பும்போது) ஏறிய இடம் வெள்ளையாக ஓட்டை விழும். பாத்தாக மாற்றிய கையோடு யூனியன் கொடுத்து ஒரே வடிவமாக ஆக்கிவிடுங்கள். சேச்சியிடம் பிரிவ்யூ காட்டி, எழுத்துப் பிழை இல்லை என்று அவர் வாயால் கேட்ட பிறகுதான் ஸ்டார்ட் அழுத்தினேன். எனக்கு மலையாளம் பேச வரும், எழுத்துக்கூட்டத்தான் வரும்.

வழுக்காமல் ஓட்டுவது

ஸ்கேன் கோணம் 0 டிகிரியில் இருக்கட்டும். அப்போது தலை டம்ளரின் நீளவாக்கில் போய்வரும், டம்ளர் ஒரு வரிக்கு ஒரு முடி அளவுதான் நகரும். 90 டிகிரி வைத்தால் டம்ளர் முன்னும் பின்னும் வெடுக்வெடுக்கென்று ஆடும், ரோலரில் என்றால் கட்டாயம் வழுக்கும். என் அத்தை டம்ளர் செத்தது இதனால்தான். ஒய் அச்சின் வேகம் $111, முடுக்கம் $121, இரண்டையும் நன்றாகக் குறைத்துவிடுங்கள். ரோலர்காரர்கள் இன்னொன்றும் செய்யலாம்: டம்ளரில் பாதிக்கு அரிசி போட்டு வாயில் துணி அடைத்தால் கனம் கிடைக்கும், இரண்டு முனையிலும் ரப்பர் வளையம் போட்டால் பிடி கிடைக்கும்.

வரி இடைவெளிக்கு ஒரு சின்னக் கணக்கு. சுற்றளவு 229.3, படி 3,200, ஆக ஒரு படிக்கு 0.072 மி.மீ. டம்ளர் இதைவிடச் சின்ன அடி எடுத்து வைக்காது. நீங்கள் 0.1 என்று போட்டால் ஒரு வரிக்கு ஒரு படி, அடுத்த வரிக்கு இரண்டு படி என்று மாறி மாறிப் போய் எழுத்துக்குள் சேலை பார்டர் மாதிரி கோடு தெரியும். 0.072 என்றே போட்டுவிட்டால் வரிக்கு ஒரு படி, வழவழவென்று வரும். டம்ளர் மாறினால் இந்த எண்ணும் மாறும்.

கலர் டம்ளருக்கு நான் நிமிடத்துக்கு 3,000 மி.மீ., 80 சதவீதம் என்று ஓட்டுகிறேன். உங்களுக்கு அது ஆரம்பப் புள்ளிதான், அடிப்பாகத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள். கண்ணாடி கிளாஸ் என்றால் நீல ஒளி அதில் நிற்காமல் ஊடுருவிப் போய்விடும், மேலே கறுப்புப் போஸ்டர் பெயின்ட் பூசிக் காய வைத்து ஓட்ட வேண்டும். வெறும் எவர்சில்வருக்கு மாலிப்டினம் கலந்த மார்க்கிங் ஸ்ப்ரே அடித்து ஓட்டுவார்கள். சும்மாவும் கறுக்கும், ஆனால் வேகத்தை மிகவும் குறைக்க வேண்டும்.

தொடங்கும் இடத்தைக் கரன்ட் பொசிஷன் என்றும் ஜாப் ஆரிஜினை நடு என்றும் வைத்துவிட்டு ஃப்ரேம் அழுத்துங்கள், பேர் வரும் இடத்தின் ஓரத்தைச் சும்மா ஒரு சுற்று ஓட்டிக் காட்டும். மக் என்றால் இங்கேதான் கைப்பிடி எங்கேயாவது முட்டுகிறதா என்று தெரியும். அப்புறம் ஸ்டார்ட். 450 நானோமீட்டர் நீல ஒளிக்கென்று எழுதியிருக்கும் கண்ணாடி போடாமல் பக்கத்தில் நிற்காதீர்கள், பளபளப்பான வளைந்த ஸ்டீல் ஒளியை எந்தப் பக்கம் திருப்பிவிடும் என்று சொல்ல முடியாது. பூச்சு எரியும் புகையை ஃபேன் வைத்து வெளியே தள்ளுங்கள். டீ குடிக்க எழுந்து போகாதீர்கள். குற்றால சீசனில் சாரல் அடிக்கும் நாட்களில் காலையில் டம்ளர் மேலும் லென்ஸ் மேலும் ஈரம் படிந்திருக்கும், இரண்டையும் துடைத்து உலர்த்திவிட்டுத்தான் மாட்டுவேன். முடிந்ததும் மெஷினைவிட்டுத் தள்ளி வைத்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் கரி போய் ஸ்டீல் பளிச்சென்று தெரியும்.

மூங்கில் புட்டுக்குற்றிக்கும் (புட்டு அவிக்கும் குழாய்) கேட்கிறார்கள். கயிறு சுற்றாத பாகத்தில் அழகாக வரும், பவர் பாதி போதும், ஆனால் கணுவைத் தவிர்த்துவிடுங்கள், அங்கே விட்டமும் மாறும் ஃபோகஸும் போகும். சிரட்டைக்கு (கொட்டாங்குச்சி) மட்டும் நான் ரோட்டரி போடுவதில்லை, அது இரண்டு பக்கமும் வளைந்தது, நடுவில் சின்ன எழுத்தாகத் தட்டையாக வைத்தே போட்டுவிடலாம்.

வேலை முடிந்தால் மறுபடி பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒய் ஒயரைப் பழைய இடத்தில் மாட்டுங்கள், போனில் இருக்கும் படத்தைப் பார்த்து $22, $111, $121 மூன்றையும் பழையபடி போடுங்கள், ஆட்டோ ஹோம் டிக்கைத் திரும்பப் போடுங்கள், எனேபிள் ரோட்டரி என்பதை அணையுங்கள். இந்தக் கடைசியை மறந்துவிட்டு மறுநாள் காலையில் பிளைவுட்டில் 10 செ.மீ. சதுரமாக ஒரு கடைப் பலகை போட்டேன். 229.3 மில்லிமீட்டரை 40க்குள் அடக்கும் கணக்கு அப்படியே ஓடி, பத்து சென்டிமீட்டர் உயரம் ஒன்றே முக்கால் சென்டிமீட்டராக நசுங்கி வந்தது. அண்ணாச்சி அதையும் பார்த்துவிட்டார்.